இடமும் வலமும்

ஒரு வாரப் புட்டியைத் தட்டில் கொட்டினால் மிளகுத்தூளைக் கரைத்தது போலிருக்கும். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சி நிற்கும் ஒரு மழைக்காட்டுத் துண்டில், ஓடைக்கரையில் கட்டியிருந்த மலேஸ் வலையில் (பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் கூடாரம் போன்ற வலை) விழுந்தவை. பாதிக்கு மேல் ஈக்கள். அவற்றுள் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒன்று என் இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

கூன் முதுகு, தடித்த பின்தொடை. இறக்கையின் முன்விளிம்பில் மட்டும் அழுத்தமான நரம்புகள், மற்றவை மங்கிய கோடுகள். ஃபோரிடே குடும்பம் என்று சொல்ல அரை நிமிடம் போதும். மெகாசீலியா பேரினம் என்பதும் விரைவில் தெரிந்துவிட்டது. அதற்கு மேல்தான் பாதை இல்லை. அந்த ஒரு பேரினத்திலேயே பெயரிட்ட இனங்கள் 1,600-க்கு மேல். மார்பின் பக்கத் தட்டில் மயிர் உண்டா, முதுகின் கடைசிச் சிறுதட்டில் முள்மயிர் இரண்டா நான்கா என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். பெண் ஈயாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவோம். ஆணாக இருந்தால் இனப்பெருக்க உறுப்பு இருக்கும் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, தசை கரைந்ததும் கிளிசரின் துளியில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். தேன் நிறத்தில், கண்ணாடி போல, ஒவ்வொரு முள்ளும் தனித்தனியே தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இந்த ஈக்களுக்கு அந்த உறுப்பின் இடப்புறமும் வலப்புறமும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நான் அவசரப்பட்டு இடப்புறத்தை மட்டும் வரைந்துவிட்டுக் கண்ணாடித் தகட்டில் பதித்தேன். பிறகு திருப்ப முயன்றபோது வலப்புற முட்கள் உடைந்தன. கையிலிருந்த ஒரே ஆண் அதுதான். அன்று மாலை என்னால் வேறு வேலை எதுவும் பார்க்க முடியவில்லை.

ஓர் ஆண்டு கழித்து அதே ஓடைக்கரையில் இரண்டாவது ஆண் கிடைத்தது. அதன் மரபணு வரிசை தரவுத்தளத்தில் எதனோடும் ஒட்டவில்லை. 'அப்படியானால் புதிய இனம்தானே?' என்று ஆய்வகத்தில் எல்லோரும் கேட்டார்கள். தரவுத்தளத்தில் இல்லை என்பது வேறு, பெயரே இல்லை என்பது வேறு. நூறாண்டுக்கு முன் விவரித்த பல ஈக்களுக்கு இன்றுவரை மரபணு வரிசை கிடையாது. கியூபாவிலிருந்து வந்த ஓர் ஈக்கு, ஈக்களை ஆராய்ந்த லோவ் 1866-இல் 'ஸ்கேலாரிஸ்' என்று பெயர் வைத்தார். அதே இனத்தை 1912-இல் இன்னொரு ஈ ஆய்வாளரான புருநெட்டி இந்தியாவிலிருந்து 'ஃபெர்ருஜினியா' என்ற பெயரில் புதிதாக விவரித்தார். அவ்வளவு அனுபவசாலிக்கே நேர்ந்தது எனக்கு நேராது என்று எப்படிச் சொல்வேன்?

ஆகவே பழைய விவரிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வருகிறேன். சந்தேகம் வரும் இடத்தில், அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் மூல மாதிரியின் படத்தை அது இருக்கும் அருங்காட்சியகத்திடம் கேட்டு எழுதுகிறேன். எங்களோடு காட்டுக்கு வரும் காடர் பழங்குடிப் பெரியவர் போன மாதம்கூட, "அந்தக் குட்டி ஈக்குப் பெயர் வைத்துவிட்டாயா, தம்பி?" என்று விசாரித்தார். "இன்னும் இல்லை, ஐயா" என்றேன்.

மாதிரிகள் கெடாமல் இருக்க ஊற்றும் எத்தனாலில் மை கரைந்துவிடும் என்பதால் புட்டிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுவோம். இதன் சீட்டில் இப்போதைக்கு 'மெகாசீலியா, இனம் 14' என்றுதான் இருக்கிறது.