தூளிக் கயிற்றில் இறங்கிய எறும்பு

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் எறும்பும் குடிவந்துவிடும். திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. சுற்றிலும் வயலில் தண்ணீர் நிற்கும்போது அது வேறெங்கே போகும்? முட்டையைக் கவ்விக்கொண்டு சுவரேறும்.

போன வருஷம் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு ராத்திரி குழந்தை வீறிட்டு அழுதது. தூளியை விலக்கிப் பார்த்தால், காதுமடலுக்குப் பின்னால் இரண்டு செவ்வெறும்பு. உத்தரத்திலிருந்து கயிறு வழியாக இறங்கியிருக்கிறது. அம்மா கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றினாள். பச்சைக்குழந்தை தூங்கும் அறையில் அந்த நெடி எனக்கு மனசே ஆகவில்லை. சாக்பீஸ் கோடு போட்டதற்குப் பாதைதான் மாறியது.

அப்புறம்தான் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம், அதாவது போராக்ஸ், வாங்கினேன். அரை லிட்டர் வெந்நீர், 100 கிராம் அச்சுவெல்லம், பொடித்த வெங்காரம் 5 கிராம். முதல் தடவை சீக்கிரம் தீரட்டும் என்று மும்மடங்கு போட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் தரையெல்லாம் செத்த எறும்பு. இரண்டே நாளில் அதே எறும்புச் சாரை. மருந்து கூடினால் தின்றது வழியிலேயே செத்துவிடும். குறைவாக இருந்தால்தான் வயிற்றில் சுமந்துபோய், கூட்டில் ராணிக்கும் குஞ்சுக்கும் வாயோடு வாய் ஊட்டும்.

சோடா மூடியில் பஞ்சை நனைத்து அடுப்படிப் பரணில் வைத்தேன். மூடியைச் சுற்றி நெருக்கித் தொடுத்த மாலை மாதிரி சிற்றெறும்புகள் தலையைக் கவிழ்த்து நின்றன. குடிக்கக் குடிக்க வயிறு உப்பி, வெளிச்சத்தில் வெல்லத்தின் நிறம் உள்ளே தெரிந்தது. அந்த நேரத்தில் ஒன்றைக்கூட நசுக்கக் கூடாது, பக்கத்தில் மஞ்சள்தூளும் தூவக் கூடாது. எட்டாம் நாள் சாரை நின்றது.

தூளிக்கு வந்த செவ்வெறும்பு மட்டும் வெல்லத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு துண்டு கருவாடு வைத்துப் பார்த்தேன், மொய்த்துவிட்டது. சரி, இதற்கு இனிப்பு ஆகாது என்று, வறுத்த வேர்க்கடலையை எண்ணெய் கசிய இடித்து, வெங்காரம் ஒரு சிட்டிகை சேர்த்து உத்தரத்தில் வைத்தேன். அதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது. தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால், இவை எதையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வெங்காரம் அவர்களுக்கும் விஷம்தான்.

“கோலமாவு போட்டு நாமளே கூப்பிட்டுட்டு, வாசல்ல விஷம் வைக்கிறதா?” என்றாள் அம்மா. வாசல் பக்கம் வைக்கவில்லை.