ஸ்மெல் என்னும் வினை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இன்று காலை ஒரு சிறுமி, பூக்காரம்மா அள்ளித் தந்த மல்லிகையை உள்ளங்கையில் குவித்து முகர்ந்துவிட்டு, "நல்ல ஸ்மெல்லுப்பா" என்றாள்.

காம்பு நீண்டு, இதழ் தடித்து, இன்னும் விரியாத மொட்டுகள் அவை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லி.

ஆங்கிலத்தில் 'ஸ்மெல்' என்ற ஒரே வினை இரு பக்கமும் நிற்கிறது: நாம் பூவை முகர்வதும் அதுவே, பூ மணப்பதும் அதுவே. ஆனால் அடைமொழி எதுவும் சேர்க்காமல் 'இட் ஸ்மெல்ஸ்' என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் நாறுகிறது என்றே பொருள்படும்.

பழைய ஆங்கில நூல்களில் இச்சொல் காணப்படவில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித்தான் எழுத்தில் தென்படுகிறது.

அதற்கு முன்பு 'ஸ்டிங்கன்' என்ற வினை வழங்கியது. இன்று துர்நாற்றத்தை மட்டுமே குறிக்கும் 'ஸ்டிங்க்' அதன் வழி வந்ததுதான் என்றாலும், அந்தக் காலத்தில் நறுமணம் கமழ்வதற்கும் அதையே சொன்னார்கள்.

நம்முடைய நாற்றத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று, மலராத மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்துக்கு வள்ளுவர் ஆண்ட அந்த அழகிய சொல்லை நாம் சாக்கடைக்கென்றே ஒதுக்கிவிட்டது எனக்குப் பெரும் வருத்தம்.