மோட்ரிச்சின் வெளிக்கால்
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய கால்பந்து மேட்ச் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் குரோஷிய ஆட்டக்காரர் லூகா மோட்ரிச்சிடம்தான் போய் நிற்கிறேன்.

1991-ல் குரோஷியப் போரில் அவனுடைய தாத்தாவைக் கொன்றுவிட்டார்கள், அப்போது அவனுக்கு ஆறு வயது. குடும்பத்தோடு ஸாதர் நகரத்து ஹோட்டலில் அகதியாக இருந்துகொண்டு, அங்கேயே பந்து உதைத்து வளர்ந்த பையன். ஹைதுக் ஸ்பிளிட் கிளப், உடம்பில் தெம்பில்லை என்று திருப்பி அனுப்பியது. (அந்தத் தேர்வாளர்கள் இப்போது எப்படித் தூங்குகிறார்களோ!) அப்புறம் தினமோ ஸாக்ரெப், டாட்டன்ஹாம், 2012-ல் ரியல் மாட்ரிட். சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு ஸ்பானியப் பத்திரிகையின் வாக்கெடுப்பில் அந்த சீசனின் மோசமான வாங்கல் என்று பெயர் வேறு. அதே ஆள் அங்கே ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை 6 தடவை ஜெயித்துவிட்டுத்தான் 2025-ல் மிலானுக்குப் போனார்.

எனக்கு மறக்காதது 2018 உலகக் கோப்பையில் டென்மார்க் ஆட்டம். கூடுதல் நேரம் முடியப் போகிற நேரத்தில் பெனால்டியைக் கோட்டைவிட்டார், கொஞ்ச நேரத்தில், சமநிலையை உடைக்கும் பெனால்டி ஷூட்அவுட்டில் மறுபடி அதே கோல்கீப்பர் எதிரே வந்து நின்று அடித்தாரே, அந்த நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்? இறுதிப் போட்டியில் குரோஷியா பிரான்ஸிடம் தோற்றாலும், பத்து வருஷமாக மெஸ்ஸியும் ரொனால்டோவும் மாற்றி மாற்றி வைத்திருந்த பாலன் டி'ஓர், அதாவது வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அந்த வருஷம் இவர் கைக்கு வந்தது.

சரி, 2022-ல் செல்சி கிளப்புக்கு எதிராக வெளிக்காலால் (பாதத்தின் வெளிப்பக்கத்தால்) ரோட்ரிகோவுக்குக் கொடுத்த அந்தப் பாஸை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தூங்குகிறேன்.