டோஸ்வாவின் 16ஆம் தொகுதியை முழுசாகப் படித்து முடித்தது எப்படி

ஆங்கில அறிவியல் புனைவில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன். கார்ட்னர் டோஸ்வா தொகுத்த ‘தி இயர்ஸ் பெஸ்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ வரிசையில் ஏதாவது ஒரு வருடத்தை எடுங்கள், ஒரு கதையையும் தாண்டாமல் கடைசி வரை போங்கள். 1984இல் தொடங்கி, அவர் இறந்த 2018 வரை, 35 தொகுதிகள் வந்திருக்கின்றன. பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது 16ஆவது. 1998இல் வெளியான கதைகள், 1999இல் வந்த புத்தகம். செங்கல் மாதிரி கனம், பொடி எழுத்து, இருபதுக்கு மேல் கதைகள், அதில் பல குறுநாவல்கள்.

முதலில் வருவது அந்த வருடத்தைப் பற்றிய நீளமான முன்னுரை. எந்தப் பத்திரிகை எவ்வளவு விற்றது, எது நின்றுபோனது, என்ன படம் வந்தது, யார் இறந்தார்கள் என்று எல்லாம் இருக்கும். அப்போது ‘அசிமோவ்ஸ்’ என்ற அறிவியல் புனைவுப் பத்திரிகைக்கும் ஆசிரியர் டோஸ்வாதான், அதனால் உள்ளே இருப்பவரின் கவலையோடு எழுதியிருப்பார். ஆனால் இதை முதலில் படிக்க வேண்டாம். பாதிக் கதைகளைப் படித்துவிட்டு வந்தால்தான் அந்தப் பெயர்களெல்லாம் உயிர் பெறும், நான் அப்படித்தான் செய்தேன்.

கதைகளை மட்டும் அவர் வைத்த வரிசையிலேயே படித்தேன். தெரிந்த பெயராகப் பொறுக்கினால் நம் ரசனைதான் திரும்ப நமக்குக் கிடைக்கும், இருபது முப்பது வருடம் இதையே வேலையாகச் செய்தவரின் ரசனை கிடைக்காது. முதல் கதையே கிரெக் ஈகனின் ‘ஓஷியானிக்’. சிறுவயதில் கடலுக்குள் மூழ்கித் தெய்வ அனுபவம் பெற்ற ஒருவன், வளர்ந்து விஞ்ஞானியாகி, தன் விசுவாசத்தின் வேரையே ஆராய நேர்கிற கதை. அதை முடித்த கையோடு அடுத்ததைத் தொட்டபோது ஒரு வரி கூட உள்ளே போகவில்லை. அப்புறம் ஒரு உட்காரலுக்கு ஒரு கதை, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கதைக்கும் ஒரு புது உலகத்தைத் தலைக்குள் கட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு இடைவெளி வேண்டும். புரியாத சொல் வந்தால் அகராதியைத் தேடாதீர்கள், பாதி அந்த எழுத்தாளரே உண்டாக்கியதாக இருக்கும், நாலைந்து பக்கத்தில் தானாகப் பிடிபடும்.

மைக்கேல் ஸ்வான்விக்கின் கதையில் வியாழனின் நிலவான ஐயோவில் ஒரு பெண், இறந்துபோன சக விண்வெளி வீராங்கனையின் உடலை இழுத்துக்கொண்டு நடக்கிறாள், அந்த உடலிலிருந்து குரல் கேட்கிறது. பேசுவது அந்த நிலவா, அவள் மூளையா? சின்னக் கதைதான், ஆனால் முடித்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருந்தது. டெட் சியாங்கின் ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ இதில்தான் இருக்கிறது. இதை வைத்து எடுத்த ‘அரைவல்’ படம் பார்த்தவர்கள், தெரிந்த கதைதானே என்று தயவுசெய்து தாண்டாதீர்கள். ஒளி ஏன் மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் போகிறது என்ற ஃபெர்மாவின் கொள்கையை விளக்கும் பக்கங்கள்தான் கதையின் முதுகெலும்பு, படத்தில் அதற்கு இடமே இல்லை. முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தேன், ஒவ்வொரு வாக்கியமும் வேறு கனத்தில் இருந்தது.

எல்லாமே இப்படி இல்லை. நடுவில் சில சாகசக் கதைகள் ரொம்ப இழுத்தன, ஆனாலும் விடாமல் படித்தேன். ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசிப்பதே நல்ல பயிற்சி. அவர் தேர்வு எவ்வளவு கூர்மை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அறிவியல் புனைவுக்கான பெரிய விருதான ஹ்யூகோவில், 1999ஆம் வருடம் குறுநாவல், நெடுங்கதை, சிறுகதை மூன்று பிரிவிலும் வென்ற கதைகள் இந்த ஒரே தொகுதிக்குள் இருக்கின்றன. ஈகனும் ஸ்வான்விக்கும் இரண்டு, மூன்றாவது புரூஸ் ஸ்டெர்லிங்கின் ‘டக்ளமக்கான்’.

கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வரும், இடம் கிடைக்காத நல்ல கதைகளின் பெயர்கள். தொகுதியில் பிடித்துப்போன எழுத்தாளர்களை அதில் தேடிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய தொகுதி கிடைக்காதவர்கள், 2016இலிருந்து நீல் கிளார்க் கொண்டுவந்த ஆண்டுத் தொகுதிகளைப் பார்க்கலாம். அவருடைய ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ இதழ் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது.