பெங்களூர் பட்டதாரி தொகுதி: ஓட்டு போட்டது அஞ்சு நிமிஷம், லிஸ்ட்ல ஏறினதுதான் பெரும்பாடு

பெங்களூருல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேரு, வோட்டர் ஐடி கையில இருந்தா எல்லா எலக்ஷன்லயும் ஓட்டு போட்டுடலாம்னு நெனச்சிட்டிருக்காங்க. கர்நாடக சட்ட மேலவையில டிகிரி வாங்கினவங்க மட்டும் ஓட்டு போடற பட்டதாரி தொகுதிக்கு அது பத்தாது. அதுக்குன்னு தனி லிஸ்ட், அதுல ஏற ஃபார்ம் 18ன்னு தனி மனு, அதுவும் ஒவ்வொரு எலக்ஷனுக்கும் பழைய லிஸ்டைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதுவாங்க. 2018ல ஓட்டு போட்டவரா இருந்தாலும் 2024க்கு மொதல்லேருந்து வரிசையில நிக்கணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் "நான் போன தடவையே பதிஞ்சாச்சு"ன்னு கெத்தா சுத்திட்டிருந்தாரு, எலக்ஷன் அன்னிக்கு பூத்துல பேரு இல்லன்னு மூஞ்சைத் தொங்கப் போட்டுட்டு வந்தாரு.

எனக்கு ஏன் இந்த வேலைன்னா, 2023 மே மாசம் சட்டசபையில காங்கிரஸ் 135 சீட்டு வாங்கி ஆட்சிக்கு வந்துச்சு, ஆனா மேலவையில பிஜேபியும் ஜேடிஎஸ்ஸும் (மதச்சார்பற்ற ஜனதா தளம்) சேர்ந்தா அவங்க கைதான் ஓங்கியிருந்துச்சு. எந்தக் கட்சி வந்தா நல்லதுங்கற பேச்சே இங்க வேணாம். அந்த மாதிரி இழுபறியில இருக்கற ஒரு சபைக்கு நேரடியா ஓட்டு போடற வாய்ப்பு சாதாரண ஆளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு, விடக்கூடாதுன்னு தோணுச்சு. 75 பேர் சபை அது. 25 பேரை எம்எல்ஏக்கள் தேர்ந்தெடுப்பாங்க, 25 பேரை உள்ளாட்சி ஆளுங்க, 11 பேரு நியமனம், வாத்தியாருங்களுக்கு 7, பட்டதாரிங்களுக்கு 7. நமக்குக் கிடைக்கறது அந்தக் கடைசி ஏழுல ஒண்ணு.

ஃபார்ம் வாங்கினதெல்லாம் ஈஸி. வில்லங்கம் டிகிரி சர்டிபிகேட் ஜெராக்ஸ்ல ஆரம்பிச்சுது. கெசட்டட் ஆபீசர் அட்டெஸ்ட் பண்ணணும்னு சொன்னாங்க. ஒரிஜினல் எல்லாம் சேலத்துல மாமனார் வீட்டு பீரோவுலதான் இருக்கு, ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனப்ப மாமாவோட சிநேகிதர் ஒருத்தர், அரசு மேல்நிலைப் பள்ளி ஹெட்மாஸ்டர், பச்சை இங்க்ல அழகா கையெழுத்துப் போட்டு சீலும் குத்திக் குடுத்தாரு. வேலை முடிஞ்சுதுன்னு ஜெராக்ஸை மட்டும் எடுத்துட்டு பெங்களூர் வந்துட்டேன். கவுன்ட்டர்ல இருந்த ஆளு சீலை ஒரு தடவை பார்த்தாரு, என்னை ஒரு தடவை பார்த்தாரு, "ஆகல்லா சார், ஈ ஜில்லே ஆபீசர் சைன் பேக்கு"ன்னு பேப்பரை அப்படியே திருப்பித் தள்ளிட்டாரு. சம்பந்தப்பட்ட மாவட்டத்து கெசட்டட் ஆபீசரா இருக்கணுமாம். விதி இருக்கு சரி, அதை வெளிய ஒட்டியிருக்கற நோட்டீஸ்ல எழுதினா என்ன? அங்க வெறும் "கெசட்டட் அதிகாரி"ன்னுதான் போட்டிருந்துச்சு. எனக்குப் பின்னாடி நின்ன ஒரு பொண்ணு ஓசூர்ல அட்டெஸ்ட் பண்ணிட்டு வந்திருக்கு, அதுக்கும் அதே பதில்தான்.

சரி இந்த ஊர்ல எந்த கெசட்டட் ஆபீசரை எனக்குத் தெரியும்? யாரையும் தெரியாது. ரெண்டு அரசு ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தேன், தெரியாத ஆளுக்குப் போட மாட்டோம்னுட்டாங்க, அவங்க சொல்றதும் ஒரு வகையில நியாயம்தான். கடைசியில அதே ஆபீஸ் வாசல்ல டீக்கடையில நின்ன ஒருத்தர்தான் உருப்படியா ஒண்ணு சொன்னாரு: ஒரிஜினலை நேர்ல கொண்டுபோய்க் காட்டினா, மனு வாங்கறதுக்குன்னு நியமிச்சிருக்கற அதிகாரியே ஒப்பிட்டுப் பார்த்து ஜெராக்ஸ்ல கையெழுத்துப் போட்டுடுவாராம், வெளிய யாரையும் தேட வேண்டாமாம். இதை உள்ள இருக்கறவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம்! அதனால இதைப் படிக்கறவங்க முக்கியமா ஞாபகம் வெச்சுக்கங்க, ஒரிஜினலோட போங்க, அட்டெஸ்டேஷனுக்கு ஊர் ஊரா அலையாதீங்க.

அதுக்குள்ள நாள் நெருங்கிடுச்சு. நவம்பர் 6 கடைசி தேதி, நடுவுல நவம்பர் 1 ராஜ்யோத்சவா லீவு. கூரியரை நம்ப மனசு வரல, மாமனாருக்கு போன் போட்டேன். "என்ன மாப்ள, இதுக்கா இவ்வளவு தயங்குறீங்க"ன்னு விடிகாலை பஸ் புடிச்சு சர்டிபிகேட் ஃபைலை மடியில வெச்சுக்கிட்டே வந்து எறங்கிட்டாரு. அவரு ரிட்டயர்டு வாத்தியாரு. தமிழ்நாட்டுல மேலவை இருந்த காலத்துல ஆசிரியர் தொகுதியில ஓட்டு போட்ட ஆளு. 1986ல எம்ஜிஆர் மேலவையை ஒழிச்சாரு, அதோட அந்த ஓட்டும் போச்சு. ஆபீஸ் பெஞ்சுல உட்கார்ந்து பக்கத்துல இருந்தவங்ககிட்ட அந்தக் காலத்துக் கதையெல்லாம் சொல்லிட்டு, நாலு மணி நேரம் ஆனப்புறம் என் பக்கம் திரும்பி "ஒழிச்சது நல்லதுதான் போல மாப்ள"ன்னாரு.

அடுத்த சிக்கல் நம்ம இனிஷியல். தமிழ்நாட்டு யுனிவர்சிட்டி டிகிரியில என் பேருக்குப் பக்கத்துல ஒத்தை எழுத்து, ஆதார்லயும் வோட்டர் ஐடியிலயும் அப்பா பேரு முழுசா. ரெண்டும் ஒரே ஆளுன்னு அந்த கிளார்க்குக்குப் புரியவே இல்ல, "சர்நேம் எல்லி?" (சர்நேம் எங்க?)ன்னு திரும்பத் திரும்பக் கேட்கறாரு. இது சர்நேம் இல்ல சார், அப்பா பேரோட மொத எழுத்துன்னு எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல நான் சொல்ல, மாமாவும் சேர்ந்துக்க, ஒண்ணும் நடக்கல. கடைசியில ஸ்கூல் டிசியில அப்பா பேரு முழுசா இருந்ததைக் காட்டி, கூட ஒரு நோட்டரி அஃபிடவிட்டும் வெச்சப்புறம்தான் வாங்கிக்கிட்டாரு. டிசியை ஃபைல்ல போட்டுக் கொண்டுவந்தது மாமாவோட புத்தி. தமிழ்நாட்டுல படிச்சவங்க எல்லாரும் டிசி ஜெராக்ஸ் ஒண்ணு கையில வெச்சிருங்க, கேட்காட்டி திருப்பி எடுத்துட்டு வந்துடலாம்.

என் கதை இதோட முடிஞ்சுது. என் கூடவே தங்கியிருக்கற என் மச்சான் கதை தனி. லிஸ்ட்ல ஏற டிகிரி வாங்கி மூணு வருஷம் ஆகியிருக்கணும், 2023 நவம்பர் 1ன்னா 2020 நவம்பர் 1க்கு முன்னாடி முடிச்சிருக்கணும். அவன் கொரோனா பேட்ச். ஃபைனல் இயர் ரிசல்ட் வந்தது 2020 அக்டோபர், பட்டமளிப்பு விழா நடந்தது அடுத்த வருஷம், சர்டிபிகேட்ல அந்த 2021 தேதிதான் இருக்கு. கவுன்ட்டர்ல அந்தத் தேதியைப் பார்த்ததுமே வேண்டாம்னுட்டாங்க. ஆனா எலக்ஷன் கமிஷன் விதிப்படி மூணு வருஷத்தை ரிசல்ட் வெளியான தேதியிலேருந்துதான் கணக்குப் பண்ணணும், கான்வொகேஷன் தேதி கணக்கே இல்ல. இதை அவன் வீட்டுல உட்கார்ந்து கமிஷன் போட்ட கையேட்டுலயே தேடிப் பிடிச்சு, பக்கத்தை பிரின்ட் எடுத்து, அந்த வரியில மஞ்சள் மார்க்கர் அடிச்சு, அக்டோபர் தேதி போட்ட ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டையும் சேர்த்து, நவம்பர் கடைசியில வரைவு லிஸ்ட் வந்தப்புறம் ஆட்சேபணை சமயத்துல மறுபடி போட்டான். இந்தத் தடவை கிளார்க்கைத் தாண்டி மேல இருந்த அதிகாரிகிட்டயே போயிட்டான். அந்தம்மா படிச்சுப் பார்த்துட்டு ஒரு வார்த்தை மறுபேச்சு பேசல, "சரி இருக்கு" ன்னு எடுத்துக்கிட்டாங்க. டிசம்பர் கடைசியில வந்த இறுதி லிஸ்ட்ல அவன் பேரு இருந்துச்சு. வீட்டுல பிரியாணி.

ஒண்ணு கவனிச்சேன். அந்த வாரங்கள்ல எங்க அபார்ட்மென்ட் கேட்ல ரெண்டு கட்சி ஆளுங்களும் ஃபார்ம் கட்டோட நின்னாங்க. டிகிரி இருக்கா சார், ஜெராக்ஸ் குடுங்க, நாங்களே போட்டுக்கறோம்னு. மொத்தமா ஒரு கட்டா கொண்டுவந்தா வாங்கக் கூடாதுங்கறது விதி, ஒரே வீட்டு ஆளு இன்னொருத்தருக்காகக் குடுக்கலாம், நிறுவனத் தலைவர் தன்கிட்ட வேலை பார்க்கறவங்களுக்குக் குடுக்கலாம், அவ்வளவுதான். பெங்களூருல டிகிரி இல்லாத ஆளைத் தேடிப் பிடிக்கணும், ஆனா லிஸ்ட்ல ஏறறவங்க அதுல ரொம்பக் கொஞ்சம். அப்ப யாரு ஏறறாங்க, யாரு ஏத்தி விடறாங்கங்கறதுலயே பாதி எலக்ஷன் முடிஞ்சு போகுது. பிரச்சாரம் மே மாசம் நடக்குதுன்னு பேப்பர்ல போடறாங்க, உண்மையில அது அக்டோபர்லயே அந்த கேட்ல நடந்துடுச்சு. கட்சி ஆளுகிட்ட சர்டிபிகேட் ஜெராக்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க, குறைஞ்சது ஜெராக்ஸ் மேல எதுக்குக் குடுத்தோம்னு குறுக்க எழுதியாவது குடுங்க.

நாங்க காத்திருந்த நேரத்துலயே மேலவைக்கு என்ன மதிப்புன்னு தெரிஞ்சு போச்சு. 2024 பிப்ரவரியில கோயில் வருமானம் சம்பந்தப்பட்ட மசோதா சட்டசபையில பாஸ் ஆகி மேலவைக்குப் போய், அங்க ஆளுங்கட்சிக்கு ஆள் பத்தாம தோத்துச்சு. அந்த மாசமே மறுபடி சட்டசபையில நிறைவேத்திட்டாங்க, கடைசி வார்த்தை எப்பவும் சட்டசபையோடதுதான். ஆனா 135 எம்எல்ஏ வெச்சிருக்கற ஆட்சியை ஒரு வாரம் தலைகுனிய வைக்க முடிஞ்சுதுல்ல?

அதே மாசம் பெங்களூர் ஆசிரியர் தொகுதி இடைத்தேர்தல்ல புட்டண்ணா ஜெயிச்சாரு. ஜேடிஎஸ்ல இருந்தப்பவும் அந்த சீட்டு அவருக்கு, பிஜேபியில இருந்தப்பவும் அவருக்கு, இப்ப காங்கிரஸ்லயும் அவருக்கே. வாத்தியாருங்க கட்சியைப் பார்க்கறதே இல்ல போல. ஒரு ஆளு இடம் மாறினா சபையில ஒரு நம்பர் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போயிடுது.

ஜூன் 3 திங்கக்கிழமை எலக்ஷன். முந்தின நாள் ஞாயித்துக்கிழமை பெங்களூருல 111 மில்லிமீட்டர் மழை, ஜூன் மாசத்துல ஒரே நாள்ல நூறு வருஷத்துக்கு மேல பார்க்காத மழை. காலையில தெருவெல்லாம் மரக்கிளை, பூத் இருந்த ஸ்கூல் வாசல்ல முழங்கால் அளவு தண்ணி. ஓட்டு நேரம் காலையில 8லேருந்து சாயங்காலம் 4 வரைக்கும்தான், வழக்கமான எலக்ஷன் மாதிரி ஆறு மணி வரைக்கும் இருக்கும்னு நெனச்சு ஆபீஸ் முடிச்சிட்டு வந்தவங்க கேட்டைப் பார்த்துட்டுத் திரும்பினாங்க.

உள்ள மெஷின் கிடையாது, வாக்குச்சீட்டு. சின்னம் இல்ல, பேரும் போட்டோவும். அவங்களே ஒரு ஊதா ஸ்கெட்ச் பேனா குடுப்பாங்க, அதாலதான் எழுதணும், நம்ம பேனாவை எடுத்தா ஓட்டு செல்லாது. டிக் போடக் கூடாது, "ஒன்று"ன்னு எழுத்துல எழுதக் கூடாது, கையெழுத்து போடவே கூடாது. பிடிச்சவருக்கு நேரா 1, வேணும்னா அடுத்தவருக்கு 2, 3ன்னு எண்ணுல மட்டும். சுவத்துல ஒட்டியிருந்த அறிவிப்புல இன்னொண்ணும் இருந்துச்சு, அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கற எந்த இந்திய மொழி எண்லயும் எழுதலாமாம். அப்படின்னா நம்ம ௧ போட்டாலும் செல்லும். கை துறுதுறுன்னுச்சு, ஆனா ஓட்டு எண்ணறவரு அதைப் பார்த்து ஏதோ கிறுக்கல்னு ஒதுக்கி வெச்சுட்டா இத்தனை மாச அலைச்சல் என்னாகறது? பேசாம 1 போட்டுட்டு வந்துட்டேன். இந்தத் தொகுதிகள்ல ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்குல செல்லாத ஓட்டு விழுது, அத்தனை பேரும் டிகிரி வாங்கினவங்க.

6ஆம் தேதி எண்ணினாங்க. பெங்களூர் பட்டதாரி தொகுதியில பிஜேபியோட தேவேகவுடாகிட்டேருந்து (முன்னாள் பிரதமர் இல்ல, இவரு வேற) காங்கிரஸோட ராமோஜி கவுடா சீட்டைப் பிடிச்சாரு. இந்தத் தடவை எலக்ஷன் நடந்த ஆறு ஆசிரியர், பட்டதாரி சீட்டுல காங்கிரஸுக்கு 3, ஜேடிஎஸ்ஸுக்கு 2, பிஜேபிக்கு 1.

ஆனா கணக்கு பிடிச்சவங்களுக்கு சுவாரசியம் அதே வாரத்துல நடந்த இன்னொண்ணுல இருக்கு. எம்எல்ஏ கோட்டாவுல 11 சீட்டு காலி. 224 எம்எல்ஏ, 11 சீட்டுன்னா, சீட்டோட ஒண்ணு கூட்டி 12ஆல வகுத்தா, ஒருத்தர் ஜெயிக்க சுமாரா 19 ஓட்டு வேணும். 2023ல காங்கிரஸ் 135, பிஜேபி 66, ஜேடிஎஸ் 19. வகுத்துப் பாருங்க, 7, 3, 1. அத்தனை பேரும் போட்டியில்லாமலே ஜெயிச்சதா அறிவிச்சாங்க, அதே 7, 3, 1. அதாவது 2023 மே மாசம் நாம சட்டசபைக்குப் போட்ட ஓட்டு ஒரு வருஷம் கழிச்சு மேலவை கதவைத் தட்டியிருக்கு. ஆறு வருஷப் பதவி, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூணுல ஒரு பங்கு காலியாகும், அதனாலதான் ஆட்சி ஒரே நாள்ல மாறினாலும் மேலவை மெதுவா மாறுது. அப்பவும் காங்கிரஸுக்குத் தனி மெஜாரிட்டி வரல, ரொம்ப நெருங்கிட்டாங்க. அப்படி நெருங்கி நிக்கற இடத்துல பட்டதாரி சீட்டு ஒண்ணொண்ணும் கனமாகுதுன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

எங்க தொகுதி லிஸ்டை அடுத்து 2029 அக்டோபர் வாக்குல மறுபடி புதுசா எழுத ஆரம்பிக்கணும், பெங்களூர் நகரம், புறநகர் மாவட்டம், ராமநகரம் பக்கம் இருக்கறவங்க குறிச்சு வெச்சுக்கங்க. கடைசி தேதி தவறிட்டாலும் விட்டுடாதீங்க, இறுதி லிஸ்ட் வந்தப்புறமும் நாமினேஷனுக்கு முன்னாடி வரைக்கும் மனு வாங்கறாங்க. ஹைதராபாத், விஜயவாடா, மும்பை, புனே, லக்னோ, பாட்னா பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கும் இதே ஃபார்ம் 18தான். உள்ளூர்ல யாரு கையெழுத்தை ஒத்துக்கறாங்கன்னு கவுன்ட்டர்ல கேட்டுட்டு அப்புறமா ஜெராக்ஸ் கடைக்குப் போங்க.