வார்டை விடாமல் படித்த பாலியேட்டிவ் கேர்

மாவட்ட மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் பாலியேட்டிவ் கேர் (கடும் நோயாளிகளின் வலியையும் மற்ற தொல்லைகளையும் தணிக்கும் சிகிச்சை) முதுகலைப் படிப்பை ஆன்லைனில் படிக்கிறேன். டிப்ளமோ கட்டம் முடிந்துவிட்டது. சேரலாமா என்று டாக்டர்களும் நர்ஸ்களும் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

இது நம் ஊர் எம்.டி.க்கு ஈடல்ல. நிபுணர் என்று போர்டு போட விரும்புகிறவர்களுக்கு எம்.டி. பாலியேட்டிவ் மெடிசின் தனியாக இருக்கிறது. மும்பை டாடா மெமோரியலில் 2012-இல் தொடங்கியது. அன்றாடம் பார்க்கும் நோயாளியை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

விண்ணப்பத்துக்கு டிகிரி, கவுன்சில் பதிவு, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண், துறைத் தலைவரின் கடிதம் எல்லாம் வேண்டும். படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட்தான் இழுத்தடிக்கும், அதை முதலில் ஆரம்பியுங்கள். 60 கிரெடிட்டுக்குச் சான்றிதழ், 120-க்கு டிப்ளமோ, 180-க்கு மாஸ்டர்ஸ். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள கணக்கு. அவர்களுக்கு மாலை ஆறு மணி வகுப்பு என்றால் நமக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. டியூட்டி மாற்றிக்கொடுத்த சக டாக்டர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மனப்பாடத்துக்கு இங்கே வேலையே இல்லை. உங்கள் நோயாளி ஒருவரை எடுத்துக்கொண்டு, செய்த சிகிச்சைக்கு என்ன ஆதாரம், அது இவருக்குப் பொருந்துமா என்று எழுத வேண்டும். 2010-இல் பாஸ்டனில் வந்த ஆய்வை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில், தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் கேரும் கிடைத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். ஒரே மருத்துவமனை, ஒரே வகைப் புற்று, நடமாட முடிந்தவர்கள். ஸ்ட்ரெச்சரில் வந்து சேரும் உங்கள் நோயாளிக்கு இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். நான் படித்த கல்லூரியில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

பாடத்துக்கும் நம் வார்டுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் எனக்குப் பெரிய படிப்பாக இருந்தது. நாற்றமடிக்கும் புண்ணுக்கு அங்கே மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி ஜெல். இங்கே மாத்திரையைப் பொடித்துத் தூவுகிறோம். அங்கே மருந்தைத் தொடர்ந்து மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்ச் டிரைவர் கருவி; இங்கே தோலுக்கடியில் பட்டர்ஃபிளை ஊசியைப் போட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து செலுத்த மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மார்ஃபின் பற்றிய கட்டுரையில், கடும் வலிக்கு மார்ஃபின் தராமல், அதைவிட வலுக்குறைந்த வலிநிவாரணியான டிரமடாலோடு நிறுத்தியது ஏன் என்று நான் எழுத வேண்டியிருந்தது. மார்ஃபின் எங்களிடம் இல்லை என்பதுதான் உண்மையான பதில். ஏன் இல்லை என்று தேடியபோதுதான் மார்ஃபினைக் கட்டுப்படுத்தும் 1985 போதைப்பொருள் சட்டத்தையும் 2014 திருத்தத்தையும் வரிவரியாகப் படித்தேன். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற தகுதியை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வாங்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் பல லைசென்ஸ்களுக்கு அலைய வேண்டாம். அந்தக் கட்டுரைக்குச் சேர்த்த குறிப்புகளை வைத்தே எங்கள் மருத்துவமனை விண்ணப்பித்தது. இப்போது மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. நாலு மணிக்கொரு தரம், இடையில் வலி எகிறினால் நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, கூடவே மலமிளக்கி என்று நர்ஸ்களே சார்ட்டைச் சரிபார்க்கிறார்கள்.

நோயாளியிடம் பேசும் பயிற்சியை வீடியோவில் நடத்தினார்கள். நடிகர் ஒருவர் நோயாளியாக வருவார், நாம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேள் என்பது அடிப்படை. நம் வார்டில் நோயாளியின் பக்கத்தில் போவதற்குள் அண்ணனோ மகனோ வெளியே இழுத்துப்போய், "அவருக்கு எதுவும் சொல்லிடாதீங்க சார்" என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டாமல், சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என முதலில் கேட்கப் பழகினேன். வாய்ப் புற்றால் பேச முடியாத ஒருவர் நோட்டில் "எத்தனை நாள்?" என்று எழுதிக் காட்டினார். தம்பியிடம் முன்பே பேசியிருந்ததால் அவரும் தடுக்கவில்லை. நாள் குறிக்காமல், மாதக்கணக்கா வாரக்கணக்கா என்று சொல்லப் பாடத்தில் கற்றிருந்தேன். வாரக்கணக்கு என்றேன். அந்த வாரமே ஆம்புலன்ஸில் பத்திரப்பதிவு அலுவலகம் போய் வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவைத்தார்.

நோயாளி விவரத்தைக் கட்டுரையில் எழுத எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்குங்கள், ஊர் பெயரைக்கூட நீக்கிவிடுங்கள். மாஸ்டர்ஸ் ஆய்வுக்கு நான் முறையான இலக்கிய மதிப்பாய்வை, அதாவது ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்து மதிப்பிடுவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நோயாளிகளை நேரடியாக ஆராய இங்கும் அங்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், வேலையோடு அது கடினம்.

பணம் கட்டுவதற்கு முன், இந்தியப் பாலியேட்டிவ் கேர் சங்கத்தின் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு, நம் சட்டத்தையும் நம் மருந்துகளையும் ஒட்டியே சொல்லித்தருகிறார்கள். அதன் பிறகும் கேள்விகள் மிச்சம் இருந்தால் முதுகலைக்கு விண்ணப்பியுங்கள்.