டிராக் இழுக்கும் முன் சாமானைக் கையில் எடுங்கள்

டிப்ளமோ கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைத்தான் எடுத்துக்கொண்டேன். அவிநாசிப் பக்கம் கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் எரிந்துபோகும். அதைத் தடுக்க ஒரு கண்ட்ரோல் சர்க்யூட் போர்டு. சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளான கிகேடில் டிசைன் முடித்து, வரைந்த போர்டில் தப்பு தேடும் டிஆர்சி சோதனையை ஓட்டினேன். ஒரு பிழையும் காட்டவில்லை. போர்டு கைக்கு வந்ததும், வயரைத் திருகி மாட்டும் எட்டுக் கால் ஸ்க்ரூ டெர்மினலை வைத்து அழுத்தினேன். ஓரத்துக் கால் துளையில் இறங்கவே இல்லை.

நான் வைத்த ஃபுட்பிரிண்டில் (சாமானின் கால்கள் இறங்கும் துளைகளின் படம்) கால் இடைவெளி 5 மி.மீ. காந்திபுரத்தில் வாங்கியதில் 5.08. இரண்டு கால் டெர்மினலில் இந்த வித்தியாசம் தெரியாது. எட்டுக் காலுக்கு ஏழு இடைவெளி, மொத்தம் 0.56 மி.மீ. தள்ளிவிடுகிறது. டிஆர்சி நாம் வரைந்ததை மட்டுமே பார்க்கும், கடையில் கிடைக்கும் சாமான் அதற்குத் தெரியாது. கடைக்கார அண்ணன் சொன்னார்: "ஏனுங் கண்ணு, சாமானை மொதல்ல வாங்கி வெச்சுக்கிட்டு அப்புறம் படம் போடலாமல்லோ?"

அன்றிலிருந்து, சாமான்களை இணைக்கும் செம்புக் கோடான டிராக்கை இழுப்பதற்கு முன்பே போர்டை 1:1 அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்துவிடுகிறேன். பிரிண்டர் தாளுக்கேற்பச் சுருக்கிவிடும், அதனால் போர்டின் ஓரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பேப்பரைத் தெர்மோகோல் மேல் ஒட்டி, ஒவ்வொரு சாமானையும் அதனதன் இடத்தில் குத்துங்கள். கால் சரியாக இறங்குகிறதா, பக்கத்துக் கெப்பாசிட்டர் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இடிக்கிறதா, ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போக இடமிருக்கிறதா, எல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

டிரான்சிஸ்டருக்கு இது மட்டும் போதாது. தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டும் ஒரே துளைகளில் அழகாக உட்காரும், ஆனால் ஒன்றுக்கு மற்றது சேராது. தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டைத் திறந்து, கால் எண்களைச் சர்க்யூட் படத்திலுள்ள சிம்பலோடு ஒப்பிடுங்கள்.

மோட்டார் வேலை என்பதால் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். ரிலேயின் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே நான் 6 மி.மீ.க்குக் குறையாமல் விடுகிறேன். ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடுவது நம் அப்பாவாக இருக்கலாம்.

பிராக்டிகல் தேர்வில் பலரும் சாமான்களை அவசரமாகப் பரப்பிவிட்டு டிராக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஸ்கீமாட்டிக் என்னும் சர்க்யூட் படமும், அதில் தப்பு தேடும் இஆர்சி சோதனையும் முடிந்ததும் மிச்ச நேரத்தில் பாதியைச் சாமான்களை நகர்த்திப் பார்க்கவே ஒதுக்குங்கள். இன்னும் டிராக் போடாத இணைப்புகளைத் திரையில் காட்டும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது குறையக் குறைய டிராக் தானாக வழிவிடும். ஐசியின் சப்ளை காலை ஒட்டி 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரை முதலில் வையுங்கள். வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அது ஏன் அங்கே என்பதுதான்: ஐசி திடீரென்று கரண்ட் இழுக்கும்போது தூரத்துச் சப்ளையை எதிர்பார்க்காமல் பக்கத்திலிருந்தே கொடுப்பதற்கு.

கிகேட் இலவசம், வீட்டு லேப்டாப்பிலேயே ஓடும். லேப் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காமல் இன்று ராத்திரியே ஒரு எட்டுக் கால் டெர்மினலை வைத்து ஆரம்பியுங்கள்.